பிரஷ் கட்டர் (புல் வெட்டும் மெஷின்) ஓட்டும் பையன்கள் கண்ணாடி போட மறுக்கிறார்கள், என்ன செய்யலாம்?

ஊத்தங்கரை மேஸ்திரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. சர்ஜாபூர் ரோட்டில் மூன்று அபார்ட்மென்ட்களில் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். என்னோடு ஏழு பேர். நாலு பேர் எங்கள் பக்கத்துப் பையன்கள், இரண்டு பேர் ராய்ச்சூர், ஒருத்தர் ஒடிசா.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை பெய்து புல் முழங்கால் வரை வந்துவிட்டது. நடைபாதை ஓரத்தில் ஒரு பையன் பிரஷ் கட்டர் ஓட்டிக்கொண்டிருந்தான், எனக்கு அக்கா மகன் முறை. நான் இருபது அடி தள்ளி வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் தட்டில் புளியங்கொட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். மெஷின் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு "ஒண்ணுமில்ல மாமா" என்கிறான்.

புல்தரைக்கும் நடைபாதைக்கும் நடுவில் அழகுக்காக வெள்ளைக் கூழாங்கல் கொட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் எடுத்து விளையாடுவார்கள், கல் புல்லுக்குள் போய்விடும். அதில் ஒரு சில்லுதான் தெறித்திருக்கிறது.

கண்ணாடி நான் வாங்கித் தராமல் இல்லை. அது அவன் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "பத்து நிமிஷத்துல ஆவி புடிச்சு ஒண்ணும் தெரியல மாமா" என்றான். கோபத்தில் நாலு வார்த்தை திட்டிவிட்டேன். மறுநாள் அதே கண்ணாடியை நானே மாட்டி ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் அதே கதைதான். புல் எது, நடைபாதை எது என்று தெரியவில்லை.

ராத்திரி ரூமில் யாரோ நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டிருக்கிறார்கள். காலையில் கண் மிளகாய்ப் பழம் போல ஆனதும் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி. கருவிழியில் கீறல், நல்லவேளை ஆழமில்லை. பதினைந்து நாள் வேலை போனது, செலவு என் கையை விட்டுப் போனது. அசோசியேஷனில் கேட்டால் "அது கான்ட்ராக்டர் பொறுப்பு" என்று ஒரே வரி.

ஆவி பிடிக்காத கண்ணாடி என்று ஒன்று உண்டா? நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அக்காவுக்கு இன்னும் முழு விஷயத்தையும் சொல்லவில்லை.

—

கேட் நம்பர் மூணு எழுதியது:

நானும் ஒயிட்ஃபீல்டு பக்கம் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன்தான். ஒரே வழி, கண்ணாடி போடாவிட்டால் நாளுக்கு நூறு ரூபாய் பிடித்தம். ஒரு வாரத்தில் வழிக்கு வருவார்கள். நம் ஆட்களுக்குச் சொன்னால் புரியாது சார்.

—

ஊத்தங்கரை மேஸ்திரி எழுதியது:

சார், தப்பாக நினைக்காதீர்கள். போட்டால் கண் தெரியாத ஒன்றைப் போடச் சொல்லிக் கூலியையும் பிடித்தால், மறுநாள் அவன் வேறு மேஸ்திரியிடம் போய்விடுவான். அதுவும் போக, நிமிஷத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றில் ஓடுகிற மெஷினைக் கண் தெரியாமல் ஓட்டினால் கால் போகும்.

—

கண் வார்டு சிஸ்டர் எழுதியது:

அண்ணா, வேலூர்க்காரி, இங்கே ஒரு கண் மருத்துவமனையில் வேலை. உங்கள் பையன் தப்பித்தது பெரிய அதிர்ஷ்டம். இலை, புல், மண் பட்ட கண்ணில் வருகிற புண் நம் பக்கத்தில் பெரும்பாலும் பூஞ்சைப் புண். மெடிக்கலில் "சிவப்பு போக" என்று கேட்டால் சில கடைகளில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாள் வலி குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். அப்படிப் பார்வை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நந்தியாவட்டை, தாய்ப்பால், எச்சில் துணி எதுவும் வேண்டாம்.

தூசி, உரம், பூச்சி மருந்து பட்டால் சுத்தமான தண்ணீரைக் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். கல், கம்பி பட்டு கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ கழுவவும் வேண்டாம், கசக்கவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் கவிழ்த்து, கண்ணில் அழுத்தாமல் ஒட்டி, அன்றைக்கே கூட்டிப் போங்கள். கையில் பணம் இல்லை என்றால் மின்டோ அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சின்னச் சில்லு உள்ளே போன ஓட்டை வெளியில் தெரியவே தெரியாது. நல்ல கண்ணை மூடி அடிபட்ட கண்ணால் தூரத்து போர்டைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, செடிக்குத் தெளிக்கிறது எஸ்.டி.பி. தண்ணீர், அதாவது சுத்திகரித்த கழிவுநீர்தானே? அதில் கண் கழுவ விடாதீர்கள். குடிக்கிற தண்ணீர் ஒரு கேன் தனியாக இருக்கட்டும்.

—

பழைய மாலி எழுதியது:

தம்பி, முப்பத்தியிரண்டு வருஷம் இந்தத் தொழில். இப்போது ஹோசூரில் வீட்டோடு இருக்கிறேன். ஒரு கேள்வி. பையன் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தானா? பெங்களூரில் 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. எங்களிடத்தில் எஸ்.டி.பி. தண்ணீரை முழுசாக நம்ப ஆரம்பித்தது அப்போதுதான். அந்த வாடைக்காகப் பையன்கள் துண்டு கட்டுவார்கள். மூச்சு கீழே போக வழியில்லாமல் நேராகக் கண்ணாடிக்குள் ஏறும். ஆவிக்குப் பாதிக் காரணம் அதுதான். நாலா பக்கமும் மூடிய கண்ணாடி என்றால் கேட்கவே வேண்டாம்.

பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் முகம் முழுக்க மறைக்கிற கம்பிவலைக் கவசம் கேட்டு வாங்கு, காதுக்கும் சேர்த்தே வரும். வலை என்பதால் ஆவி பிடிக்காது. ஆனால் பொடிச் சில்லு வலைக்குள் நுழையும். அதனால் உள்ளே பக்கவாட்டில் வளைந்து வருகிற லேசான கண்ணாடி ஒன்று போடச் சொல். ஈ.என். 166 என்று கண் பாதுகாப்புக்கான தர எண் அதிலேயே அச்சடித்திருக்கும். வெயிலுக்குப் போடுகிற கண்ணாடியை இதற்குப் போட்டால் உடைந்து கண்ணுக்குள்ளேயே போகும்.

அப்புறம் மெஷினைப் பார். கல் தெறிக்காமல் தடுக்கிற கார்டு இருக்கிறதா? பத்து மெஷினில் எட்டில் கழற்றிப் போட்டிருப்பார்கள், ஈரப்புல் அடைக்கிறது என்று. கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு கத்தி இருக்கும், புல்லை வெட்டுகிற நைலான் நரம்பு நீளமானால் நறுக்கிவிடும். கார்டு போனால் நரம்பு நீண்டுகொண்டே போகும், எஞ்சின் திணறும், கல் நேராக ஓட்டுகிறவன் காலுக்கும் முகத்துக்கும் வரும். நரம்பு தீர்ந்ததும் பிரேக் கேபிள் கம்பியை மாட்டி ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு அறுந்தால் தோட்டா மாதிரிப் போகும். கல் ஓரத்தில் இரும்புப் பிளேடும் வேண்டாம்.

எங்கள் மெஷினில் தலை இடப்பக்கமாகச் சுற்றும். வலமிருந்து இடமாக வீசினால் வெட்டிய புல் வெட்டிய இடத்திலேயே விழும். சுற்றி ஐம்பது அடிக்குள் ஆள் நிற்கக் கூடாது. நீ இருபது அடியில் நின்றதே தப்பு, கோபப்படாதே.

எல்லாவற்றுக்கும் முன்னால், மெஷினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஒருவர் வாளியோடு நடந்து கல் பொறுக்க வேண்டும். பையன்களுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருக்கும். நீயே முதல் நாள் பொறுக்கு.

—

ஜெயநகர் அக்கவுண்ட்ஸ் எழுதியது:

காசு விஷயம் மட்டும் சொல்கிறேன். பத்து பேர் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதம், ஆள் 0.75 சதவீதம். உங்களிடம் ஏழு பேர்தான், அதனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டபிள்யூ.சி. பாலிசி (வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தருவது) எடுத்து வையுங்கள், பிரீமியம் சம்பளத்தைப் பொறுத்தது. அந்தச் செலவை அடுத்த கொட்டேஷனில் தனி வரியாகப் போட்டு அசோசியேஷனிடம் கேளுங்கள். வரியாகப் போட்டால் கொடுப்பார்கள், சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அது வரும்வரை ஒவ்வொருவரின் பேங்க் கணக்கிலும் பிரதமர் சுரக்ஷா பீமா போட்டுவிடுங்கள். 18 முதல் 70 வயது வரை, வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் இரண்டு லட்சம், ஒரு கண் பார்வை முழுசாகப் போனால் ஒரு லட்சம்.

—

ஊத்தங்கரை மேஸ்திரி எழுதியது:

பெரியவரே, துண்டு கட்டித்தான் இருந்தான்! நான் மாட்டிப் பார்த்தபோதும் கட்டியிருந்தேன், தோன்றவே இல்லை.

சனிக்கிழமை போய் இரண்டு வலைக் கவசம் வாங்கினேன். கார்டு மூன்று மெஷினில் இரண்டில் இல்லை, ஒன்று குடோனில் பெயின்ட் டப்பாவுக்கு மூடியாக இருந்தது. கண்ணாடி, கவசம், காது எல்லாம் மாட்டியபோது பையன்கள் சிரித்தார்கள், "மாமா சந்திரனுக்குப் போறார்" என்று. மூன்றாம் நாள் அக்கா மகனே கேட்டு வாங்கிக்கொண்டான். சாப்பிடும்போது பல்லுக்கிடையில் புல் வருவதில்லையாம், அதுதான் அவனுக்குப் பெரிசு.

சிஸ்டர், கேனும் பேப்பர் கப்பும் டூல் பெட்டியோடு வைத்துவிட்டேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் திட்டு.

பாலிசி விலை கேட்டிருக்கிறேன். நேற்றுக் காலை நானே கல் பொறுக்கினேன். ஒரே ஒரு ஓரத்தில் முக்கால் வாளி. வாளியைக் கொண்டுபோய் அசோசியேஷன் ஆபீஸ் மேஜைமேல் வைத்தேன். செக்ரட்டரி கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்தார், அப்புறம் அந்த ஓரத்துக்குச் செங்கல் கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.