கடைசி ஆல்பம்: நீங்கள் கேட்டது எங்கே, எப்படி?

செம்பூர் வாசகி:
இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கலைஞர் பாடிப் பதிவு செய்த ஆல்பத்தைக் கேட்ட அனுபவத்தை மும்பைத் தமிழர்கள் எழுதுங்கள். கண்ணீர் வந்தது என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது எல்லோருக்கும்தான் வந்திருக்கும்.

மாட்டுங்காக்காரன்:
எனக்கு கனடாவின் பாடகர், கவிஞர் லியோனார்ட் கோஹன். 'யூ வான்ட் இட் டார்க்கர்' 2016 அக்டோபர் 21 அன்று வெளியானது. நவம்பர் 7 அன்று, 82 வயதில், அவர் காலமானார். இடைப்பட்ட நாட்களில்தான் கேட்டேன். சர்ச்கேட் லோக்கலில் முயன்றது வீண். தண்டவாளச் சத்தமும் அவர் குரலும் ஒரே சுருதியில் ஓடுகின்றன. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "இவர் பாடுகிறாரா, யாரையாவது கண்டிக்கிறாரா?" என்று கேட்டார். முதல் பாட்டில் பின்னணிக் குரல்கள் எழுந்ததும், "இது ஏதோ கோயில் கோஷ்டி" என்றார். உண்மையில் அது மான்ட்ரியலில் கோஹன் குடும்பத்தார் தலைமுறைகளாகச் சென்ற யூத வழிபாட்டுத் தலத்தின் பாடகர் குழு. அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, யூதர்களைப் பற்றியும் தெரியாது.

எல்லோரும் அவர் மரணத்தை எதிர்கொண்ட துணிச்சலைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். முதுகெலும்பில் முறிவுகள் ஏற்பட்டு வீட்டை விட்டு நகர முடியாத நிலையில், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுக் கூடத்தில், மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடியிருக்கிறார். மகன் ஆடம் உடனிருந்து தயாரித்தார். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு என் அப்பா ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் வரை நிமிர்ந்து உட்காரப் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அந்த வலியோடு ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடிச் சரிசெய்வது என்றால் சும்மாவா? சாவைப் பற்றித் தத்துவம் பேச யாராலும் முடியும்.

இன்னொன்று. இதே கோஹன் 1999இல் மும்பைக்கு வந்து, கெம்ப்ஸ் கார்னரில் சின்ன ஓட்டலில் தங்கி, பாங்க் ஆப் இந்தியாவில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற ரமேஷ் பால்சேகரின் வேதாந்த உரைகளைக் கேட்கத் தினமும் போனார். அங்கே அடிக்கடி போய்வந்த என் பெரியப்பாவிடம் ஆவலாக விசாரித்தேன். "எத்தனையோ வெள்ளைக்காரர்கள் வருவார்கள், யாரென்று கண்டேன்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அந்தேரி ரசிகன்:
இங்கிலாந்தின் ராக் பாடகர் டேவிட் போவி. 'பிளாக்ஸ்டார்' 2016 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை, அவருடைய 69ஆவது பிறந்தநாளில் வந்தது. ஞாயிறன்று இறந்துவிட்டார். 18 மாதங்களாகப் புற்றுநோய் என்பது வெளியுலகுக்குத் தெரியாது. ஆக, அந்த ஆல்பத்தை வெறும் இசையாகக் கேட்க உலகத்துக்குக் கிடைத்தது ஒரு வார இறுதிதான். நானும் அறைத்தோழனும் அந்த இரண்டு நாளும் டிரம்ஸைப் பற்றியே சண்டை போட்டோம். திங்கட்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒவ்வொரு வரியிலும் நோயைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். நியூயார்க்கின் ஒரு சின்ன ஜாஸ் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த சாக்சபோன் கலைஞர் டானி மெக்காஸ்லினின் குழுவை நேரில் போய்க் கேட்டு அழைத்துவந்தவர் போவி. அந்த சாக்சபோனைப் பாராட்டி யாராவது நாலு வரி எழுதுகிறார்களா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

சயான் நர்ஸ்:
நீங்கள் சொல்லும் ஆல்பம் எதையும் நான் கேட்டதில்லை. எங்கள் வார்டில் தாராவியிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் இருந்தார். நுரையீரலில் புற்றுநோய். நாதஸ்வரத்தில் ஊதும் சீவாளியை வாயில் வைத்தாலே இருமல் பிடித்துக்கொள்ளும். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை, கம்பீர நாட்டை ராகத்தில், பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தது பாதியில் நிற்கிறது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஆக்சிஜன் குழாயைக் கழற்றாமலே, கட்டில் கம்பியில் தாளம் போட்டு வாயால் பாடி, பேரனின் போனில் பதிவு செய்யச் சொன்னார். முதல் காலம், அதைவிட இரு மடங்கு வேகத்தில் இரண்டாம் காலம் வரை போனார். மூன்றாம் காலத்துக்கு மூச்சு வரவில்லை. பையன் அழுதான். "அழுவதை அப்புறம் வைத்துக்கொள், எண்ணிக்கையைக் கவனி" என்று அதட்டினார்.

நான் விவரம் தெரியாமல் நடுவில் "ஐயா, மாத்திரை" என்று கூப்பிட்டது பதிவில் விழுந்துவிட்டது. தாளம் கெட்டுவிட்டதாம். மறுநாள் காலை எனக்கு டியூட்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு, நான் வருவதற்கு முன்பே இரண்டையும் மறுபடி பாடி முடித்திருந்தார்.