வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் ஒளிப்படம் சொல்லிக்கொடுக்கலாமா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், வயது 34. சனி ஞாயிறு வந்தால் கேமராவோடு வால்பாறை, ஆனைகட்டி, அதற்கு நேரமில்லை என்றால் சிங்காநல்லூர் குளம். பறவைதான் முதல் ஆசை. அலுவலக நண்பர்கள் சிலரைக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன், அப்புறம் அவர்களுடைய நண்பர்கள் வந்தார்கள், இப்போது முன்பின் தெரியாதவர்களே "அடுத்தது எப்போது, காசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார்கள். நானே ஒரு நல்ல படம் எடுப்பதைவிட, பக்கத்தில் நிற்பவர் பறக்கிற நாரையை முதல்முறையாகக் கூர்மையாகப் பிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பெரிதாக இருக்கிறது.

இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று ரொம்ப நாளாக யோசனை. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மகள் ஒன்றாம் வகுப்பு. குடும்பம் நடத்துகிற அளவுக்கு வருமா, வருடம் முழுக்க வேலை இருக்குமா, காட்டுப் பக்கம் காசு வாங்கி ஆட்களை அழைத்துப்போக என்ன அனுமதி வேண்டும்? இந்த வேலையில் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

இருவாச்சி:

தம்பி, எனக்குப் பல வருடமாக இதுதான் பிழைப்பு. முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு கணக்குக்கு வால்பாறையில் 2 இரவு, 3 பகல், 6 பேர், தலைக்கு ரூ. 12,000 என்று வையுங்கள். வசூல் ரூ. 72,000. நாலு அறை, இரவுக்கு ரூ. 2,500 என்றால் அதற்கே ரூ. 20,000 போச்சு. வண்டிக்கு ரூ. 15,000, உள்ளூர் வழிகாட்டிக்கு நாளுக்கு ரூ. 1,500 வீதம் ரூ. 4,500. சாப்பாடு உங்களையும் ஓட்டுநரையும் சேர்த்து 8 பேருக்கு, தலைக்கு நாளுக்கு ரூ. 700 போட்டால் ரூ. 16,800. கையில் நிற்பது ரூ. 15,700. இதில் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்றால், அவருடைய சாப்பாட்டுச் செலவு மிச்சமானாலும் கிட்டத்தட்ட ரூ. 10,000 இந்த 15,700-இலிருந்துதான் கழியும். அதனால் முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. ஆளைக் கூட்டினால் லாபம் கூடும்தான், ஆனால் எட்டுப் பேருக்கு மேல் போனால் அது சுற்றுலா. ஒருவருடைய திரையைப் பார்த்து என்ன தவறு என்று சொல்வதற்குள் மற்றவர்களுக்குப் பறவை பறந்துவிடும், அவர்களும் காசு கொடுத்தவர்கள்தானே.

வருடம் முழுக்க வேலை இருக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நமக்கு அறுவடைக் காலம், பறவை கூடுகிற இடங்களாகப் போகலாம்: வேடந்தாங்கல், கூந்தன்குளம், பழவேற்காடு, கோடியக்கரை. அதுவும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். ஏரியில் தண்ணீர் நிற்காத வருடம் வேடந்தாங்கலில் பறவை கூடு கட்டாது, அறை போட்ட காசு அறை போட்டதுதான். அதற்குப் பிறகு மே வரை மலைப்பக்கம் ஓட்டலாம், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் இருக்கிறது, குழு வண்டிக்கு மறக்காமல் போட்டுவிடுங்கள். ஜூன் வந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் சிலர் கர்நாடகத்து ஆகும்பே, மகாராஷ்டிரத்து அம்போலி என்று தவளை, பூச்சி, பாம்பு இவற்றை மிக நெருக்கத்தில் எடுக்கிற மேக்ரோ பயிற்சிக்குப் போகிறார்கள். போவது தப்பில்லை, ஆனால் விரியனைக் குச்சியால் தூக்கி வசதியான கிளையில் வைத்துப் படம் எடுக்க வைக்கிற ஆட்களோடு மட்டும் சேராதீர்கள். நான் மழைக்காலத்தில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் படத் திருத்த வகுப்பு எடுக்கிறேன், சொல்லப்போனால் எங்கள் வீட்டு வாடகையைக் கட்டுவது அந்த வகுப்புதான்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பயிற்சிக்குப் போகிற நாளில் உங்கள் கேமரா பைக்குள்தான் இருக்கும். வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு தாயும் குட்டியுமாகக் கண்ணுக்கு நேரே வந்து உட்காரும், அந்த நேரம் நீங்கள் யாரோ ஒருவருடைய கேமரா மெனுவுக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள். இது உறுத்தாது என்றால் மட்டும் வாருங்கள். குழுவை நிற்க வைத்துவிட்டுத் தான் முன்னால் போய்ப் படம் எடுக்கிற பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒருமுறை வந்தவர் மறுமுறை வருவதில்லை.

நிக்கான், கேனான், சோனி மூன்றும் இருட்டில் கை பழகியிருக்க வேண்டும். நிக்கானில் லென்ஸ் மாட்டுகிற திசையே கேனானுக்கு நேர் எதிர், காலை ஐந்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் தவிக்கும்போது யோசித்துக்கொண்டு நிற்க முடியாது.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். சிங்கவால் குரங்குக்கு உடம்பு கறுப்பு, பிடரி வெள்ளை. கறுப்பு நிறைய இருப்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், பிடரி வெளுத்துப்போகும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழுகிற வெளிச்சத்தை, ஒரு படி வரை குறைக்கச் சொல்வேன். வெள்ளைக் கொக்குக்கு என்ன செய்வது என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டேன். பின்னால் இருண்ட தண்ணீரா, வெளிறிய வானமா என்று திருப்பிக் கேட்பேன். தண்ணீர் என்றால் குறைக்க வேண்டும், வானம் என்றால் கூட்ட வேண்டும், பறவை அதேதான். இதை வகுப்பறையில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாது, வேடந்தாங்கலில் சாயங்காலம் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும்போது கேமராவில் வெளிச்ச அளவைக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைக் காட்டினால் ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்கள். நம் வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஆழியாறு வண்டிக்காரன்:

இருவாச்சி அண்ணன் பணத்தைச் சொல்லிவிட்டார், நான் வழியைச் சொல்கிறேன். வால்பாறைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை, நிறையப் பயிற்சிக் குழுக்களைப் பார்க்கிறேன்.

சரணாலயத்துக்குள் போக 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும், 28-ஆவது பிரிவில் ஒளிப்படம் எடுப்பதற்கென்றே அனுமதி இருக்கிறது. எஸ்டேட் நிலம் என்றால் எஸ்டேட் அலுவலகத்தில் கேட்க வேண்டும், தேயிலைக்குள் வழி தெரிகிறது என்று நாலு பேரை இறக்கிவிட்டு நடக்கக் கூடாது. ட்ரோனைக் காட்டுப் பக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் பயணத்துக்கு முன்னால் வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய்ப் பேசிவிடுங்கள், தொலைபேசியில் கேட்டதை நம்பி வந்து சோதனைச்சாவடியில் திரும்பிப் போன குழுக்கள் உண்டு.

மலையேறும் வழியில் 40 கொண்டை ஊசி வளைவு. 9-ஆவது வளைவுப் பக்கம் வரையாடு ரோட்டோரமாகவே நிற்கும், எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். பேருந்து இறங்குகிற ரோடு அது. ஒருவர் கண்ணை வியூஃபைண்டரில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து நடு ரோட்டுக்கு வந்துவிடுவார், அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தனியாக வேண்டும். குரங்குக்குப் பிஸ்கட் போட்டு வரவழைக்கிற பயிற்றுநர் வந்தால் நான் வண்டியை எடுக்க மாட்டேன். அந்தக் குரங்குகள் ரோட்டில் அடிபடக் கூடாதென்று மரத்துக்கு மரம் பாலம் கட்டி, ஆள் போட்டுக் காவல் காக்கிறார்கள், நாம் போய் அவற்றை ரோட்டுக்கு இறக்கினால் என்ன அர்த்தம்?

சாயங்காலம் யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்கைக்காக எரிகிற சிவப்பு விளக்கு இங்கே பல இடங்களில் இருக்கிறது, குறுஞ்செய்தியும் வரும். விளக்கு எரிந்தால் நடை கிடையாது, எத்தனை ஆயிரம் கொடுத்து வந்திருந்தாலும் கிடையாது. இதை முதல் நாள் இரவே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். அப்புறம் உள்ளூர் ஆளின் கூலியில் பேரம் பேசாதீர்கள், இருவாச்சிப் பறவை எந்த மரத்துக்குப் பழம் தின்ன வருகிறது என்பது அவனுக்குத்தான் தெரியும்.

மைனா:

நான் மாணவி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓய்வுக்குப் பிறகுதான் கேமராவே வாங்கினேன்.

நொய்யல்கரை தம்பி, உங்களிடம் வரப்போகிறவர்களில் என்னைப் போன்றவர்கள் நிறைய இருப்பார்கள். எங்களுக்கு 150-600 மி.மீ. பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பது கஷ்டம், மோனோபாடை, அதுதான் ஒற்றைக்கால் தாங்கியை, எந்த உயரத்தில் வைத்தால் முதுகு வலிக்காது என்று சொல்கிறவரை நாங்கள் விடவே மாட்டோம். பெண்கள் வருகிறார்கள் என்றால் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் போய்ப் பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் போன ஒரு பயிற்சியில் விடியற்காலை கிளம்பி மதியம் வரை வழியே இல்லை, நாங்கள் இரண்டு பெண்களும் தண்ணீரே குடிக்காமல் இருந்தோம், கேட்டதற்கு "காடு என்றால் அப்படித்தான் மேடம்" என்று பதில் வந்தது. அறையில் யாரோடு தங்குகிறோம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலுறை, உப்பு, மாற்று உடை, இதெல்லாம் பட்டியலாக அனுப்புங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே பழவேற்காட்டுக் காற்றுக்கு எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி பிடிக்கும், பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வெளியில் வையுங்கள் என்று இப்போதைய என் ஆசிரியர் முந்தைய இரவே சொல்லிவிடுவார். இதற்கெல்லாம்தான் அவரிடம் திரும்பத் திரும்பப் போகிறேன், அவர் எடுத்த படங்களுக்காக இல்லை.

இன்னொன்றும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலேயே எழுதியவர். அவருக்கு விலங்கைத் தெரிந்திருந்தது, படம் அதிலிருந்து வந்தது. இப்போது பல பயிற்சிகளில் ஷட்டர் 1/2000, ஆட்டோ ஐ.எஸ்.ஓ. என்று கேமரா அமைப்புகளில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்த நாரை ஏன் இந்த மரத்தில் கூடு கட்டுகிறது, குஞ்சுக்கு என்ன ஊட்டுகிறது என்று பத்து நிமிடம் சொல்லுங்கள், எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்பது எங்களுக்கே தெரிந்துவிடும். கூட்டுக்குக் கிட்டே போக விடாதீர்கள், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள். நாங்கள் கெஞ்சினாலும் விடாதீர்கள்.

நொய்யல்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கேமரா பைக்குள் இருக்கும் என்ற இடத்தில் அவர் என்னைப் பார்த்தார், எனக்கு அது உறுத்தவில்லை, உண்மையாகவே. ஒரே ஒரு கேள்வி: வேலையை விடாமல் எதிலிருந்து தொடங்குவது?

இருவாச்சி:

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள் தம்பி. அறை, இரவுத் தங்கல் எதுவும் இல்லாத ஒருநாள் பயிற்சியாகச் சிங்காநல்லூர் குளத்திலேயே தொடங்குங்கள், ஆறு பேர், காலை மட்டும், மதியம் ஒரு இடத்தில் உட்கார்ந்து அவரவர் படங்களைச் சேர்ந்து பார்ப்பது. கட்டணம் வாங்குங்கள், இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் வருகிறவர் தாமதமாக வருவார். மூன்று பருவம் இப்படி ஓட்டுங்கள். ஒருமுறை வந்தவர்களே திரும்பக் காசு கட்டி வருகிறார்களா என்று மட்டும் பாருங்கள், புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள். ஆறு மாதத் தவணைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆகிற பணம் தனியாக வங்கியில் இருக்கிற அன்றைக்கு ராஜினாமாவைப் பேசலாம். ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வரும், ஆரம்பத்திலிருந்தே ரசீது போட்டுப் பழகுங்கள்.

வரும் டிசம்பரில் நான் கூந்தன்குளம் போகிறேன், பட்டைத்தலை வாத்து வந்திருந்தால் நான்கு நாள் தங்குவேன். உதவிக்கு ஒரு ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்குமிடமும் என் பொறுப்பு. தனிச்செய்தியில் எண்ணை அனுப்புங்கள்.

ஆழியாறு வண்டிக்காரன்:

போய்விட்டு வாங்க தம்பி. வால்பாறைக்கு எப்போது என்று முடிவானதும் சொல்லுங்கள், முதல் குழுவுக்கு வழிகாட்டியை நானே பேசி வைக்கிறேன்.