பெடிக்யூர் செய்துகொண்டு நகச்சுற்றோடு திரும்பியவர்கள் உண்டா?

திருநகர்வாசி:
தங்கை கல்யாணத்துக்காகப் பைபாஸ் ரோட்டில் ஓர் அழகு நிலையத்துக்குப் போயிருந்தோம். எனக்கு முன்னால் இருந்த அம்மாவின் பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை ராவிய அரத்தைத் துண்டில் தட்டினாள் அங்கே வேலை செய்த பெண். வெள்ளைத் தூள் கொட்டியது. அடுத்து அதே அரம் என் நகத்தில். கேட்டதற்கு, "காலையிலேயே டெட்டாலில் முக்கியதுதான் அக்கா" என்றாள். நகக்கண் தோலையும் வெட்டினாள். முகூர்த்தத்தன்று விரல் சீழ் கோத்து விண்விண்ணென்று தெறித்தது. அந்தத் தூள் இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது.

மேலூர் மருமகள்:
எனக்கு ஒட்டு நகம். ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டதில், பாத்திரம் துலக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கழற்றினால் நகம் தெப்பக்குளத்துப் பாசிபோலப் பச்சை. கடைக்கார அம்மா, "மேலேயே புதிதாக ஒன்று ஒட்டிவிடலாம், வெளியே தெரியாது" என்றார்! தோல் மருத்துவர், பூஞ்சை இல்லை, சூடோமோனாஸ் பாக்டீரியா, ஈரம் தேங்கினால் வரும் என்றார். மூடி மறைக்கச் சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணாநகர் லேப் டெக்னீஷியன் (ஓய்வு):
திருநகர் சகோதரி, காலையில் முக்கியது உங்களை எப்படிக் காக்கும்? உலோகக் கருவியை ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவியில், 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடத்துக்குக் குறையாமல். புற ஊதா ஒளி வீசும் நீல விளக்குப் பெட்டியை நம்பாதீர்கள், வெளிச்சம் படாத இடுக்கில் கிருமி அப்படியே இருக்கும். அட்டை அரம் ஒருவருக்கு ஒன்றுதான். காய்ந்த ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு கிடக்கும். கால் தொட்டியையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரே நிலையத்துக்குப் போன 100க்கும் மேற்பட்டோருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள். சுழல்நீர்த் தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோலும் அடைந்துகிடந்தன; மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்யூட்டம் என்ற பாக்டீரியா குடியிருந்தது அங்கேதான். கால் முடியை மழித்துவிட்டுப் போனவர்களே அதிகம் மாட்டினார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

திருமங்கலம் பியூட்டிஷியன்:
ஐயா சொல்வது சரி. ஆனால் அந்தப் பெண் மேல் பழி போடாதீர்கள். நான் வேலை பார்த்த இடத்தில் முகூர்த்த நாள்களில் ஒருவர் எழுவதற்குள் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். இதில் 15 நிமிடம் எங்கே கிடைக்கும்? புது அரம் கேட்டால் முதலாளி அம்மா, "இது இன்னும் தேயவே இல்லையே" என்பார். கையுறை கிடையாது, எனக்கே விரலிடுக்கில் பூஞ்சை வந்தது. இப்போது சொந்தக் கடையில் வாடிக்கையாளர் கண்ணெதிரே அரத்தை உடைத்துப் போடுகிறேன். அதற்கும், "காசு வாங்கிக்கொண்டு வீணடிக்கிறாயே" என்று சண்டைக்கு வருகிறார்கள்.