பழைய பேஸ் கிதாரில் தம்பி வாசிக்கிறான்: புதியது வாங்கித் தரலாமா?

கேள்வி:
தம்பிக்கு 17 வயது. 7,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய நான்கு கம்பி பேஸ் கிதார், 15 வாட் ஆம்ப்ளிஃபயர், அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனையில் அவன் வாசிக்கும்போது பாடகர் குழுவே அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது. என் சேமிப்பில் நல்ல கிதார் வாங்கித் தர ஆசை. எது வாங்கலாம்?

பதில் 1:
அவசரப்படாதீர்கள், சகோதரி. அமெரிக்காவில், டெட்ராய்ட்டின் மோடவுன் இசைத்தட்டு நிறுவன ஸ்டூடியோவில் 1960களில் பேஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் வாசிப்பைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் மீட்டுவார். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ், அதாவது உடல் பகுதியில் கம்பிகள் தாங்கி நிற்கும் பாலம், அதன் மூடிக்குள் இருந்த நுரைப்பஞ்சு நாதத்தைச் சுருக்கி, தாளத்தோடு சேர்த்துக் கட்டியது. உங்கள் தம்பியும் பிரிட்ஜ் அருகே கம்பிகளுக்கு அடியில் சிறு நுரைப்பஞ்சுத் துண்டு வைத்துப் பார்க்கட்டும்.

பதில் 2:
கிதாரைவிட ஆம்ப்ளிஃபயர்தான் முதலில் திணறும். தடித்த ஈ (E) கம்பியின் அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரால் அதைத் தாங்க முடியாது. ஆம்ப்ளிஃபயரில் பேஸ் (கீழ் ஒலி) குமிழைக் குறைத்து, மிட் (நடு ஒலி) குமிழை ஏற்றுங்கள். சுரம் தெளியும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று இரவு பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சை வெட்டி வைத்தோம். ஒவ்வொரு சுரமும் மத்தளத்தில் தட்டியதுபோல் உருண்டு விழுந்தது! அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். கிதார் அப்படியே இருக்கட்டும். அவனுக்கேற்ற ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான சுற்றுள்ள, வழவழப்பான) கம்பி எந்தத் தடிமனில் வாங்க வேண்டும்?