புதுப்பிப்பு: 2025 குடியேற்றச் சட்டமும் முகாமில் இருக்கும் பெரியம்மாவும்

முன்பு நான் கேட்டது: 1990-இல் இலங்கையிலிருந்து படகில் வந்து, தமிழ்நாட்டு அகதிகள் முகாமில் பதிவான பெரியம்மாவிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் இதற்கு 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறதே, என்ன செய்வது?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சட்டத்தோடு நிறுத்தாமல் விலக்கு ஆணையையும் படியுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா நிபந்தனையிலிருந்து அந்த ஆணை விலக்கு தருகிறது. பெரியம்மாவின் குடும்ப அட்டையில் லேமினேஷன் உரிந்து, மை வெளிறியிருந்தாலும் வந்த தேதியைப் படிக்க முடிகிறது. அதை ஸ்கேன் செய்து வைத்துவிட்டோம். நீங்களும் செய்யுங்கள்.

எதிர்பாராதது இரண்டு. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு அதே ஆணையில் கெடு 2024 டிசம்பர் 31. நமக்கு மட்டும் ஏன் பத்தாண்டு முன்னதாக? எனக்கு இது நியாயமாகப் படவில்லை. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடிக்கு வந்தவர்கள் இதற்குள் வரமாட்டார்கள்.

அப்புறம், விலக்கு வேறு, குடியுரிமை வேறு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்க, 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.