மருமகன் கோல் காப்பவன், வயது 17. இலங்கை அணிக்குக் கேக்கினம். விடலாமோ?

வடமராட்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். என்ர தங்கச்சியின்ர மகனைப் பற்றிக் கேக்க வந்தனான். தங்கச்சி பருத்தித்துறையில பிறந்து சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்கு வந்தவள். மச்சான் நொட்டிங்காம் பக்கத்து வெள்ளைக்காரர். பெடியன் ஒரு லீக் டூ (இங்கிலாந்தின்ர நாலாம் நிலை லீக்) கழகத்தின்ர இளையோர் அணியில ஒப்பந்தத்தில இருக்கிறான். கோல் காப்பவன், நல்ல உயரம்.

போன மாதம் ஒரு தெரிஞ்ச ஆள் மூலமா, இலங்கை அணிக்கு வெளிநாட்டில வளந்த பெடியளைத் தேடுகினம், இவனையும் பாக்க விரும்புகினம் எண்டு சொல்லி விட்டிச்சினம். பெடியனுக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. அம்மம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிப்போட்டான். ஆனா கழகத்தில பயிற்சியாளர், "நீ போய்வர, உன்ர இடத்தில இன்னொருத்தன் நிப்பான்" எண்டு நேராச் சொல்லிப்போட்டார். தங்கச்சி அழுறாள். மச்சான் போகட்டும் எண்டுறார். இப்பிடி ரண்டு நாட்டுப் பிள்ளையளா இருந்து கீழ்மட்ட லீக்குகளில விளையாடின ஆக்களுக்கு என்ன நடந்தது? நாட்டு அணிக்குப் போனது பிழைப்புக்கு உதவினதோ, கெடுத்ததோ? விவரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

கொக்குவில் குமரன்:

எங்களுக்கு நடந்ததெல்லாத்துக்கும் பிறகு அந்தச் சட்டையை எங்கட பிள்ளை போடுறதோ அண்ணை? என்ர மனம் ஒப்பாது. ஃபிஃபாவில சேராத அணியளுக்கான கொனிஃபா போட்டியளில தமிழீழ அணி எண்டு ஒண்டு விளையாடுது, 2018 இல லண்டனில நடந்ததிலயும் விளையாடினது. அது ஃபிஃபாவுக்கு வெளியில எண்டபடியா, அதில விளையாடினாப் பிறகும் வேற நாட்டுக்கு விளையாடத் தடை இல்லை. அதையும் யோசியுங்கோ.

---

பெஸ்கொட் ஜெயம்:

வடமராட்சியான், நான் வோல்சோலில இருக்கிறன். எங்கட கழகம் லீக் வன்னில (மூண்டாம் நிலை) நிண்ட காலத்தில இருந்து பெஸ்கொட் மைதானத்துக்குப் போறவன். குமரன் சொன்னது உங்கட வீட்டுக்குள்ள கதைச்சு முடிவெடுக்க வேண்டிய விசயம், அதில நான் வாய் வைக்கேல்லை. விளையாட்டுப் பிழைப்பைப் பற்றி மட்டும் சொல்லுறன். ஏனெண்டா உங்கட மருமகன்ர கதைக்குக் கிட்டத்தட்ட அப்பிடியே பொருந்திற ஒருத்தர் எங்கட கோலுக்குள்ள ரண்டு வருசம் நிண்டவர். நீல் எதரிட்ஜ்.

அப்பா ஆங்கிலேயர், அம்மா பிலிப்பைன்சில தார்லாக். 1990 இல என்ஃபீல்டில பிறந்தவர். செல்சியின்ர இளையோர் அணி, பிறகு 2006 இல ஃபுல்லம். 18 வயதில, 2008 இல, பிலிப்பைன்ஸ் அணிக்குப் போட்டார். அப்ப அந்த நாட்டில உதைபந்தை ஆரும் கணக்கெடுக்கிறேல்லை, எல்லாம் கூடைப்பந்துதான்.

இப்ப கவனமா வாசியுங்கோ. ஃபுல்லத்தில எட்டு வருசம் இருந்து, முதல் அணிக்கு அவர் விளையாடினது ஒரேயொரு ஆட்டம். 2011 டிசம்பரில யூரோப்பா லீக்கில டென்மார்க்கின்ர ஓடன்சேக்கு எதிரா, 2-2. கடைசி நேரத்தில கோல் வாங்கி ஃபுல்லம் வெளியேறின ஆட்டம் அது. மற்ற நாளெல்லாம் பெஞ்சில இருக்கிறது, இல்லாட்டி லெதர்ஹெட், சார்ல்டன், பிரிஸ்டல் ரோவர்ஸ், குரூ எண்டு இரவலாப் போறது. ஆனா இடையில, 2010 டிசம்பரில, தென்கிழக்காசியக் கோப்பையில இதே பெடியன் ஹனோயில வியட்நாமுக்கு எதிரா நிக்கிறான். வியட்நாம் நடப்புச் சம்பியன், அவையின்ர சொந்த மைதானம். பிலிப்பைன்ஸ் 2-0 வெண்டது. அரையிறுதிக்குத் தகுதியான மைதானம் பிலிப்பைன்சில இல்லை எண்டு, இந்தோனேசியாவோட ரண்டு ஆட்டத்தையும் ஜகார்த்தாவிலேயே விளையாட வேண்டி வந்தது. அந்தச் சனக் கூட்டத்துக்கு முன்னால கோலுக்குள்ள நிக்கிற அனுபவத்தை ஃபுல்லத்தின்ர பெஞ்ச் தருமோ? கோல் காப்பவன் வளர ஆட்டம் வேணும், பிழைவிட்டா ஒரு நாடே கோவிக்கிற மாதிரியான ஆட்டம் வேணும். அதை அவருக்குக் குடுத்தது அம்மாவின்ர நாடு.

அதுக்காக நாட்டு அணி அவரைத் தூக்கிவிட்டது எண்டு நினைச்சிடாதேங்கோ. 2014 இல ஃபுல்லம் விட்டுவிட்டது. அந்தக் கோடை முழுக்கக் கழகம் இல்லை. நாட்டு அணியின்ர முதல் கோல் காப்பவர், ஆனா சம்பளம் குடுக்க ஆருமில்லை! ஒக்டோபரில ஓல்டம் குறுகிய ஒப்பந்தம் குடுத்தது, பிறகு சார்ல்டன். 2015 இலதான் எங்களிட்ட வந்தார்.

எங்கட மைதானம் சின்னன், பதினோராயிரம் பேர் மட்டில கொள்ளும், அதுவும் நிரம்பாது. அதால கோலுக்குப் பின்னால இருந்தா அவர் கத்திறது எல்லாம் கேக்கும். பந்து மற்ற அந்தத்தில கிடக்கேக்கயும் வாய் மூடாது. "லெஃப்ட், லெஃப்ட், ஏறு, ஏறு" எண்டு பின்வரிசையை இழுத்து இழுத்து வைப்பார். கோனர் கிக் வரேக்க முன்கம்பத்தில நிக்கிறவனைக் கையால தள்ளி அடி அடியா நகர்த்தி வைச்சுப்போட்டுத்தான் நடுவுக்கு வருவார். உங்கட பெடியனைக் கூட்டிக்கொண்டு போய் இப்பிடியான சின்ன மைதானங்களில கோலுக்குப் பின்னால இருத்துங்கோ. தொலைக்காட்சியில உது தெரியாது.

2015-16 பருவம் எங்களுக்கு இண்டைக்கும் மாறாத புண். 84 புள்ளி எடுத்து மூண்டாம் இடம். பேட்டன் 85 எடுத்து நேரா மேல போனது. கடைசி நாள் நாங்கள் போர்ட் வேல் கழகத்தை 5-0 எண்டு அடிச்சும், பேட்டன் டொன்காஸ்டரில 0-0 எடுத்ததால எங்களுக்குக் கதவு பூட்டுப்பட்டது. பிறகு மேல போக மிச்சமிருந்த ஒரு இடத்துக்கான பிளே-ஓஃபில பான்ஸ்லியிட்ட மொத்தமா 6-1. ஒரு புள்ளி! ஒரு ஆட்டத்தில கோலுக்குள்ள ஆர் நிண்டது எண்டதும் அந்த ஒரு புள்ளிக்குள்ளதான் வருது. உங்கட பயிற்சியாளர் சொன்னதை அந்தக் கண்ணால பாருங்கோ, அவர் கெட்ட மனிசன் இல்லை.

ஏனெண்டா பிரீமியர் லீக்கும் அதுக்கு அடுத்த சம்பியன்ஷிப்பும் நாட்டு ஆட்ட வாரங்களில நிக்கும். லீக் வன், லீக் டூ நிக்காது. மூண்டு வீரருக்கு நாட்டு அழைப்பு வந்தாக் கழகம் ஆட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேக்கலாம். ஒருத்தன் மட்டும் போனா ஆட்டம் நடக்கும், அவன் இல்லாமலே நடக்கும். நடுவரிசைக்காரன் திரும்பி வந்தா வேற இடத்திலயாவது கொஞ்ச நேரம் விடுவினம். கோலுக்கு இடம் ஒண்டுதான். மாற்று ஆள் சனிக்கிழமை ஒரு கோலும் வாங்காமல் முடிச்சா, அடுத்த சனியும் அவன்தான்.

இன்னுமொண்டு: ஃபிஃபா குறிச்ச நாட்களில மட்டும்தான் கழகம் விட்டே ஆக வேணும். தென்கிழக்காசியக் கோப்பை அந்த நாட்களுக்குள்ள அடங்காது. 2018 நவம்பரில எதரிட்ஜ் அதில சிங்கப்பூருக்கு எதிரான ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பறந்து போய் விளையாடிப்போட்டுத் திரும்பினார். அப்ப அவர் கார்டிஃபில. 2017 இல எங்களிட்ட இருந்து மாற்றுக் கட்டணம் இல்லாமலே அங்க போனவர், முதல் வருசமே கார்டிஃப் பிரீமியர் லீக்குக்கு ஏறினது. தென்கிழக்காசியாவில இருந்து அங்க விளையாடின முதல் ஆள் அவர்தான். முதல் ஆட்டம் பௌன்மத்தில, கலம் வில்சன்ர பெனால்டியைத் தடுத்தார். அடுத்தது நியூகாசில், கடைசி நிமிசத்தில கெனெடியின்ர பெனால்டியைத் தடுத்து 0-0. டிசம்பரில லெஸ்டரில மடிசன்ரையும். எங்கட சனம் வோல்சோலில இருந்து கைதட்டினது.

இனித்தான் பெரிய கேள்வி. 2019 ஜனவரியில ஆசியக் கோப்பை, பிலிப்பைன்ஸ் முதல் தடவையாத் தகுதி பெற்றது. அது பதினொரு வருசம் அவர் பாடுபட்டதின்ர பலன். அவர் போகேல்லை. கார்டிஃப் கீழ விழாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த நேரம், அங்கேயே நிண்டார். கோலுக்குள்ள டென்மார்க்கில வளந்த ஃபால்க்ஸ்கோர் நிண்டார், பிலிப்பைன்ஸ் மூண்டு ஆட்டமும் தோத்தது. கார்டிஃபும் கடைசியில 18 ஆம் இடத்தோட கீழ இறங்கினது. பிலிப்பைன்ஸ் ரசிகர்களுக்கு நொந்திருக்கும், எனக்கு விளங்குது. எண்டாலும் அவர் செய்தது சரி எண்டுதான் நான் சொல்லுவன். கோல் காப்பவனுக்குக் கிடைச்ச இடத்தை ஒரு மாதம் காலியா விட்டா, திரும்பி வரேக்க அது இருக்குமெண்டு ஆரும் எழுதித் தரமாட்டினம்.

அதால என்ர முடிவு: போகட்டும், ஆனா இப்பவே "எப்பவும் வருவன்" எண்டு வாக்குக் குடுக்கக் கூடாது. எதரிட்ஜ் 18 வயதில, இழக்க ஒண்டுமில்லாத நேரத்தில போனவர். இழக்க ஏதோ இருந்த நேரத்தில இல்லை எண்டு சொல்லத் தெரிஞ்சவர்.

---

பெரம்பூர் ரவி:

அருமையான பதிவு ஜெயம் சார். சென்னைல இருந்து ஒரு கேள்வி. எங்க ஊர்ல இதே மாதிரி வெளிநாட்டுல வளர்ந்த பசங்களை ஏன் எடுக்க மாட்டேங்குறாங்கன்னு ஒவ்வொரு தோல்விக்கு அப்புறமும் பேச்சு வருது. மைக்கேல் சோப்ராவையே விட்டுட்டாங்களே?

---

பெஸ்கொட் ஜெயம்:

ரவி, சோப்ரா விசயத்தில குறுக்க நிண்டது பாஸ்போட். இந்தியா இரட்டைக் குடியுரிமை குடுக்காது, வெளிநாட்டு இந்தியருக்குக் குடுக்கிற ஓசிஐ அட்டையோட இந்தியாவுக்கு விளையாட ஏலாது. சோப்ராவின்ர அப்பா பஞ்சாபி, அம்மா ஆங்கிலேயர், நியூகாசிலில பிறந்து வளந்தவர். பிரித்தானியப் பாஸ்போட்டைக் குடுத்திருந்தா, பிறந்த நாட்டிலேயே வேலை அனுமதி எடுத்துத்தான் விளையாட வேண்டி வந்திருக்கும். சம்பியன்ஷிப்பில பிழைக்கிற ஒருத்தன் அதைச் செய்வானோ? ஜப்பானில பிறந்த இசுமி அராத்தா செய்தவர், ஆனா அவர் ஏற்கெனவே இந்தியாவில விளையாடிக்கொண்டிருந்தவர். இப்ப ரயன் வில்லியம்ஸ், போர்ட்ஸ்மத், ரொதரம் எண்டு கீழ் லீக்குகளில சுத்தினவர், பெங்களூரு வந்தாப் பிறகுதான் அவுஸ்திரேலியப் பாஸ்போட்டை விட்டவர். பிலிப்பைன்ஸ் இந்த விலையைக் கேக்கிறேல்லை, அதுதான் பெரிய வித்தியாசம். இலங்கையிலயும் இரட்டைக் குடியுரிமை உண்டு.

---

வடமராட்சியான்:

ஜெயம் அண்ணை, கோடி நன்றி. இதை மச்சானுக்கு மொழிபெயர்த்து வாசிச்சுக் காட்டினன், தங்கச்சியும் பக்கத்தில இருந்து கேட்டவள். குமரன், உங்கட மனம் எனக்கும் இருக்கு, அம்மாவும் அதைத்தான் சொன்னவ. பெடியன், "நான் அம்மம்மாவின்ர ஊருக்கு விளையாடுறன்" எண்டு நிக்கிறான். இனி என்ன செய்ய வேணும் எண்டும் சொல்லிவிடுங்கோ.

---

பெஸ்கொட் ஜெயம்:

முதலில தங்கச்சியின்ர கடுதாசிகளை எடுங்கோ. பிரித்தானியக் குடியுரிமை எடுக்கேக்க இலங்கைக் குடியுரிமை விட்டுப்போனதோ, பெடியன் பிறந்தது அதுக்கு முன்னமோ பின்னமோ எண்டதைப் பொறுத்துத்தான் விண்ணப்பம். லண்டன் தூதரகத்தில நேராக் கேளுங்கோ, இடையில நிக்கிற ஆக்களிட்டக் காசு குடுக்க வேண்டாம். 

பிறகு, அழைப்பு எழுத்தில வரட்டும்: எந்த வயது அணி, எந்த நாட்கள், ஃபிஃபா குறிச்ச நாட்களோ, காயப்பட்டா மருத்துவச் செலவு ஆருடையது. 2023 இல இலங்கைச் சம்மேளனத்தை ஃபிஃபா மாதக்கணக்கா இடைநிறுத்தி வைச்சது, அதையும் மறக்காதேங்கோ. 2024 இல கம்போடியாவை அவையின்ர மண்ணில பெனால்டியில வெண்டதுக்குப் பிறகு நல்லா முன்னேறியிருக்கினம், ஜெர்மனியில டிரெஸ்டன் கழகத்துக்கு விளையாடின காமர்க்னெக்ட் போன்ற ஆக்களும் வந்திருக்கினம், அது உண்மை.

அந்தக் கடிதத்தை மருமகனே கழகப் பயிற்சியாளரிட்டக் கொண்டுபோய்க் குடுக்கட்டும். நீங்களோ மச்சானோ போக வேண்டாம். முதல் ஆட்டம் நட்பு ஆட்டமா இருந்தா நல்லது, அது அவனை ஒரு நாட்டோட கட்டிப்போடாது.