தற்காப்பா, கரைசேர்தலா, தன்மீட்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று நீர்மேல் சறுக்கும் விளையாட்டான பட்டச்சறுக்கலில் (kitesurfing) ஈடுபட்டுக் கடலில் சிக்கிக்கொண்டவர் பிறர் உதவியின்றித் தம்மை மீட்டுக்கொள்ளும் முறைக்கு, நம் கலைச்சொற் பட்டியலில் முன்மொழியப்பட்ட 'தற்காப்பு' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. (விளையாட்டின் பெயரில் 'காற்றாடி' வராமல் 'பட்டம்' வந்ததில் மகிழ்ச்சி, யாழ்ப்பாணத்தில் காற்றாடி என்றால் சுழல்வது.) தலைக்கவசமும் மிதவை அங்கியும் தீங்கு நேருமுன் அணியும் காப்புகள். இங்கே பேசப்படுவதோ, காற்று விழுந்த பின்னரோ நூல் அறுந்த பின்னரோ செய்ய வேண்டியது.

'கரைசேர்தல்' எங்கள் கடற்றொழிலாளரிடையே நாளும் புழங்கும் சொல் என்பதால் முதலில் அதன் பக்கமே சாய்ந்தேன். பின்னர் யாழ்ப்பாணத்தின் வடக்கிலுள்ள வல்வெட்டித்துறைக் கரையை எண்ணிப் பார்த்தேன். தைப்பொங்கலன்று அங்கே பட்டங்களை ஏற்றும் வாடை கடலிலிருந்து கரைக்கு வருவது. சோளகக் காற்றோ நிலத்தைக் கடந்து வந்து கடலுக்குள் தள்ளுவது. பட்டத்தின் ஓரங்களைப் பிடித்து அதைப் பாயாக்கியவர் பெரும்பாலும் காற்றின் போக்கிலேயே செல்வார் என்பதால், சோளகத்தில் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாலும் அவர் கரையை விட்டு விலகிக்கொண்டே இருப்பார். பட்டத்தைப் பற்றி மிதந்தபடி படகு வரும்வரை காத்திருப்பதே அவரால் இயல்வது. கரைக்குப் போய்ச் சேராதவருக்கும் பொருந்தும் சொல் வேண்டும். ஆகவே 'தன்மீட்பு' என்பதையே முன்மொழிகிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ஆபத்தில் பட்டத்தின் இழுவையைத் தணிக்க இயக்கும் அவசரத் திறப்புக்குப் பட்டியலில் 'கைவிடுதல்' என்று எழுதியிருப்பதாகும். அந்தத் திறப்பை இயக்கினால் பட்டம் பறந்து போய்விடாது. பட்டத்தை ஆளோடு பிணைக்கும் காப்பு நூல் ஒன்றில் மட்டும் தொங்கி, இழுவிசை பெரிதும் குறைந்து நீரில் விழும். அந்த நூலையும் விடுவிக்கும் இரண்டாவது திறப்பை இயக்கும்போதுதான் பட்டம் உண்மையில் கைவிடப்படுகிறது. பட்டம் மீண்டும் காற்றேறி ஆளை இழுத்துச் செல்லும் நிலை போன்ற கடைசிக் கட்டத்துக்கே அது உரியது. காற்றடைத்த முன்விளிம்புள்ள பட்டம் நல்ல மிதவை. படகில் தேடி வருபவர் கண்ணுக்கு முதலில் படுவதும் நீந்துபவரின் தலையன்று, பட்டமே. இவ்விரு செயல்களுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கற்றுக்கொள்ளும் பிள்ளை முதல் அச்சத்திலேயே தன் மிதவையை இழக்கும். எனவே முதலாவதை 'விடுவித்தல்' என்றும், அதற்கான கருவியை 'விடுபூட்டு' என்றும், இரண்டாவதை மட்டும் 'கைவிடுதல்' என்றும் குறிக்கலாம். விண் (காற்றில் ஒலியெழுப்பும் நார் கட்டிய வில்) பூட்டிய பட்டம் ஏற்றி வளர்ந்தவர்களுக்குப் 'பூட்டு' அந்நியமாகாது.

தன்மீட்பின்போது பட்டத்தின் நூல்களைச் சுற்றுவதற்குப் பட்டியலிலுள்ள 'நூற்சுற்று' என்பது போதாது. எதில் சுற்றுவது என்று அது சொல்லவில்லை. பட்ட நூல் விரலை வெட்டிய அனுபவம் எங்களுள் பலருக்கு உண்டு. ஆளையே இழுக்கும், 20 மீற்றருக்கு மேல் நீளும் நூலைக் கையில் சுற்றினால் என்ன ஆகும்? காப்பு நூலை முதலில் பிடிகோலில் (பட்டத்தைச் செலுத்தக் கையில் பிடிக்கும் கோலில்) பல சுற்றுச் சுற்றி முடிச்சிட்ட பின்னரே மற்ற நூல்களைச் சுற்ற வேண்டும். அன்றேல் பட்டம் மறுபடி விசை பெறும். 'கோற்சுற்று' என்றால் இடமும் விளங்கும்.

இவையெல்லாம் கையேட்டுக்கான பெயர்கள். பயிற்றுநர் காற்றை எதிர்த்துக் கத்த வேண்டிய நேரத்தில், "பூட்டைத் தள்ளு!" என்பதே போதும், இழுத்துத் திறக்கும் பழைய கருவியாயின் "இழு!" என்று மாற்றிக்கொள்ளலாம்.